ஆறாவது வித்தியாசம்

மணி நாலு பத்து. படத்தில் முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஒரு கடிகாரக் கடையின் பெயர்ப்பலகைக்கு மேலே வட்டமான பெரிய கடிகாரம் தொங்கியது. இடது படத்தில் அதற்கு இரண்டு முள்ளும் இருந்தன. வலது படத்தில் பெரிய முள்ளைக் காணோம். "அத்தை, முள்ளு!" என்று கத்திவிட்டு, முள் இல்லாத கடிகாரத்தின் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தேன்.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பத்திரிகை நினைவிருக்கும். மாதம் ஒரு முறை வரும். கதை கிடையாது, தொடர் கிடையாது. அட்டை முதல் அட்டை வரை படப் புதிர்கள். புள்ளிகளை இணைத்தால் யானையாகும் பக்கம், முயல் கூட்டுக்கு வழி தேடும் பக்கம், மரக்கிளைகளுக்குள் முகங்களை ஒளித்துவைத்த பக்கம். புது இதழின் அட்டை கையில் லேசாக ஒட்டும். பிரித்தால் மண்ணெண்ணெயும் பசையும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். சிவப்பு மை எப்போதும் கோட்டை விட்டு ஒரு நூல் விலகியே விழுந்திருக்கும், அதனால் அதில் வரும் கோமாளிகளுக்கெல்லாம் உதடு கன்னத்தில் இருக்கும். அந்த வருஷ தீபாவளி இதழோடு பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி ஒன்று இலவசமாகத் தந்தார்கள். அது என் பள்ளிப் பெட்டியில் வெகுநாள் இருந்தது.

பின்னட்டையில்தான் விசேஷம். ஆறு வித்தியாசங்கள். மற்றப் பத்திரிகைகள் அதற்குக் கோட்டுப் படம் போட்டன. இவர்கள் புகைப்படம் போட்டார்கள், அதுவும் சென்னைத் தெருக்களின் புகைப்படம். ஒரு மாதம் பாண்டி பஜார் வளையல் கடை, ஒரு மாதம் அடையாறு பாலம். நமக்குத் தெரிந்த தெரு எப்போது வேண்டுமானாலும் வரலாம். கடையில் புது இதழ் கிளிப்பில் தொங்குவதைத் தூரத்தில் பார்த்ததும் ஓட ஆரம்பித்துவிடுவேன். அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகையும் என்னை அப்படி ஓடவைத்ததில்லை. நான் பத்திரிகையில்தான் வேலை பார்த்தேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழ்வீட்டில் குடியிருந்தோம். அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சூபர்வைசர். அவருடைய தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அத்தையின் கணவர், நான் மாமா என்று கூப்பிட்டவர், ஆவணியில் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். சென்ட்ரலில் பம்பாய் ரயில் ஏற்றிவிட்டோம், அங்கிருந்து விமானம் என்று ஏற்பாடு. ஒரு வருஷம் கழித்து அத்தையையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதுவரை அத்தை எங்கள் கூடத்தில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே ரவிக்கை தைத்தாள்.

மாடியில் வீட்டுக்கார மாமி. சந்திலேயே அவர்கள் வீட்டில் மட்டும் தொலைபேசி இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை, மாடிப்படியில் நின்று மாமி கூவுவாள்: "உங்காத்து மாப்பிள்ளை மஸ்கட்லேர்ந்து பேசறார், ஓடி வாங்கோ!"

அத்தை ஊசியைப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டு ஓடுவாள். நானும் பின்னாலேயே ஓடுவேன். மாமா எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார் போலிருக்கிறது. "வெயில் ஜாஸ்தியாம்" என்று அத்தை எங்களுக்குத் திருப்பிச் சொல்வாள். பேச்சு நடுவில் டொக் என்று அறுந்துவிடும்.

மாமிக்கு ஒரே வியப்பு. "என் தம்பி டெல்லிலேர்ந்து பேசினாலே கிணத்துக்குள்ளேர்ந்து பேசறாப்ல இருக்கும். ஆபரேட்டர் வந்து, கத்தி, கட்டாகி... இவர் பக்கத்தாத்துலேர்ந்து பேசறாப்ல என்னமா பேசறார்! எண்ணெய்க் காசுன்னா சும்மாவா?"

அப்பா தலையாட்டினார். அம்மா தலையாட்டினாள். ஒரு வீடு நிறையப் பெரியவர்கள், காதில் கேட்டதை வைத்து அரபு நாட்டின் தொலைபேசி இலாகாவைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

பங்குனித் திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருந்தன. ஒரு சனிக்கிழமை காலை, லஸ் முனைக் கடையில் நானும் அத்தையும் புது இதழ் வாங்கினோம். வழியில் அத்தை பின்னட்டையைத் திருப்பவில்லை. அது அவள் சட்டம்: வீட்டில் தரையில் விரித்துத்தான் பார்க்க வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், பென்சில் வைக்கக் கூடாது. பார்த்து முடிந்ததும் இதழ் மாடி மாமியின் பேரனுக்குப் போகும், அதனால் கோடு விழக் கூடாது. பென்சிலுக்குப் பதிலாக ஒரு பவுடர் டப்பா நிறையப் புளியங்கொட்டை வைத்திருந்தோம். எந்தப் படத்தில் பொருள் இல்லையோ, அந்த வெற்றிடத்தின் மேல் கொட்டையை வைக்க வேண்டும். இருக்கிற படத்தின் மேல் வைத்தால் அடுத்தவர்கள் ஒப்பிட முடியாது.

அதனால் நாங்கள் எல்லோரும் எப்போதும் இல்லாத இடத்தையே பார்த்தோம்.

"ராயப்பேட்டைதான இது? மணிக்கூண்டத் தாண்டி?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து.

அந்த இடம்தான். கடிகாரக் கடை, பக்கத்தில் நீளமாக வெள்ளைச் சுவர், சுவர் முடிகிற இடத்தில் டீக்கடை, முன்னால் சாய்த்து நிறுத்திய ஒரு சைக்கிள். அத்தை இரண்டாவதையும் மூன்றாவதையும் கண்டுபிடித்தாள்: டீக்கடைப் பலகையில் ஒரு எழுத்துக்குப் புள்ளி இல்லை, மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை இல்லை. அன்று அப்பாவுக்கு வார விடுப்பு. பனியனோடு வந்து எட்டிப் பார்த்து, சுவரில் ஒரு போஸ்டரின் மூலை கிழிந்திருப்பதைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஐந்தாவது என்னுடையது. "இங்க ஒரு ஆள் நிக்கிறாரு. இங்க இல்ல." வலது படத்தில் சுவர் வெறுமையாக இருந்தது. அங்கே கொட்டையை வைத்தேன். இடது படத்தில் நின்ற ஆளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

பின்னாளில் பத்திரிகை டெஸ்க்கில் வேலை பார்த்தபோதுதான் இது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தது. ஓவியர் பிரின்ட்டின் மேல் தூரிகையால் பூசி அழிப்பார். பின்னால் கூட்டமோ மரமோ இருந்தால் அழிப்பது பெரும்பாடு. வெள்ளைச் சுவரோரம் தனியாக நிற்கும் ஆள் என்றால் இரண்டு இழுப்பு போதும். அந்த ஓவியர் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இருந்திருக்க முடியாது.

ஆறாவது கிடைக்கவில்லை. அத்தை கொட்டைகளையெல்லாம் எடுத்துவிட்டு, இடது படத்தை மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஆரம்பித்தாள். சுவரோரம் வந்ததும் விரல் நின்றது.

"ஏட்டி, ஒன் பூதக்கண்ணாடிய எடுத்தா."

கொடுத்தேன். கண்ணாடியை வைத்ததும் முகம் கரும்புள்ளிகளாகப் பிரிந்துபோயிற்று. அச்சில் அப்படித்தான், நெருங்கினால் முகம் இருக்காது. அத்தை கண்ணாடியைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். வாயில் வைத்திருந்த நூல் அப்படியே தொங்கியது.

"மதினி" என்றாள். அம்மாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி, "மதினி, இங்க வாங்க."

அம்மா வந்து குனிந்தாள். ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு ஒருவர் நின்றார். அம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். "ஒன் வீட்டுக்காரர் மாதிரில்ல இருக்கு?" என்றாள்.

அப்பா பார்த்தார். "எவனோ. உருவ ஒத்துமை" என்றார்.

"சட்டைப் பையப் பாருண்ணே."

மாமா இடதுகைக்காரர். கடைச் சட்டையில் பை இடப்பக்கம் இருக்கும், அவருக்கு வசதிப்படாது. அதனால் அவருடைய சட்டையெல்லாம் அத்தையே தைப்பாள், வலப்பக்கம் பை வைத்து. படத்தில் பை வலப்பக்கம் இருந்தது. கிளாஸ் இடதுகையில் இருந்தது.

"படத்தையே திருப்பிப் போட்டிருப்பான்" என்றார் அப்பா.

"போர்டு நேரா இருக்கேப்பா" என்றேன். அப்பா என்னை முறைத்தார்.

"ஒலகத்துல இடதுகைக்காரன் இவர் ஒருத்தர்தானாம்மா?" என்று அம்மா அத்தையின் தோளைத் தொட்டாள்.

"வலப்பக்கம் பை வெச்சுத் தைக்கிறவ நான் ஒருத்திதான், மதினி."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, அவனாவே இருக்கட்டும். இது பழைய படம். போறதுக்கு முன்னாடி எடுத்தது. பத்திரிகைக்காரன் எப்பவோ எடுத்து வெச்சத இப்பப் போடுவான். இதுக்குப் போய்..."

அம்மாவுக்கு மூச்சு வந்தது. எனக்கும். அதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. அத்தை மட்டும் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப தூங்குமூஞ்சி மரம் எங்கண்ணே?"

அந்தச் சுவரின் முன்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. நிழல் பாதிச் சாலைக்கு விழும். ஐப்பசி மழையில் அது முறிந்து சாலையில் விழுந்து, இரண்டு நாள் பஸ்ஸெல்லாம் சுற்றிப் போனது. மாமா ரயில் ஏறியது ஆவணியில். படத்தில் மரம் இல்லை. இரண்டு படத்திலும் இல்லை. வெட்டிய அடிமரத்தின் மேல்தான் டீக்கடைக்காரர் பிஸ்கட் டின்களை அடுக்கியிருந்தார்.

மாடியில் மாமி ரேடியோவைத் திருப்பினாள். அத்தை எழுந்து போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். துணி வைக்காமல் மிதித்தாள். ஊசி வெறுமனே ஏறி இறங்கியது.

"நடந்து போற தூரம்ணே" என்றாள். "நடந்து போற தூரம்."

பிற்பகலில் பட்டன் வாங்க வேண்டும் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பட்டன் கடை இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. ராயப்பேட்டையில், சாலைக்கு எதிர்ப்புறம் நின்று, பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்தாள். படத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். கடிகாரம் இருந்தது, ஓடிக்கொண்டிருந்தது. சுவர் இருந்தது. போஸ்டர் மாறியிருந்தது. அவர் நின்ற இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து ஒரு செருப்பளவு கறுத்திருந்தது. காலை மடித்து ஊன்றி ஊன்றி வந்த கறை. ஒரு நாளில் வருவதல்ல அது.

நாலு பத்து ஆனது, நாலரை ஆனது. அவர் வரவில்லை. அத்தை சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போய்ப் படத்தைக் காட்டினாள்.

டீக்கடைக்காரருக்குத் தன் கடை அச்சில் வந்திருப்பதே பெரிய அதிர்ச்சி. "அய்ய! நம்ம கடைபா இது! டேய், இங்க வந்து பாரு, பேப்பர்ல நம்ம போர்டு கீது!" என்று உள்ளே கத்தினார். பிறகு அத்தையின் விரலைப் பார்த்தார். "இவரா? நம்ம மஸ்கட்டு!"

"மஸ்கட்டா?" என்றாள் அத்தை.

"பேரு இன்னாவோ, நாங்க அப்டித்தாம்மா கூப்புடறது. மஸ்கட்டு போறேன்னு பம்பாய் வரைக்கும் போயிகிறாரு. ஏஜென்ட்டு பாஸ்போர்ட்டு, துட்டு எல்லாத்தையும் தூக்கினு எஸ்கேப்பு. பின்னாடி பார்சல் ஆபீஸ்லதான் கீறாரு, மூட்டை தைக்கறாரு, அங்கியே படுத்துக்கறாரு. ஊட்டுக்குப் போயேன்யான்னா, இன்னா மூஞ்சிய வெச்சிகினு போறதுன்றாரு. மாசத்துக்கு ஒரு தபா எதிர்ல அந்தக் காசு போடற ஃபோன்ல யார்கிட்டயோ பேசுவாரு. அன்னிக்குப் பூரா சாப்புடவே மாட்டாரு."

அத்தை திரும்பி அந்த ஃபோனைப் பார்த்தாள். மருந்துக் கடை வாசலில் சிவப்பாக இருந்தது.

"இன்னிக்கு லோடு ஜாஸ்தி, வரமாட்டாரு. திங்கக்கிழமை நாலு மணிக்கு வருவாரு பாரு. நீ யாரும்மா அவருக்கு?"

"சட்டை தைச்சுக் குடுக்கிறவ" என்றாள் அத்தை. "நான் வந்தேன்னு சொல்லாதீங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

திரும்பும் வழியில் அத்தை கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. வேகமாக நடந்தாள், நான் ஓட வேண்டியிருந்தது. "மூட்டை தைக்காராம்" என்றாள். "இடதுகைல கோணி ஊசியப் பிடிச்சா கை என்னத்துக்கு ஆகும்?" கொஞ்சம் தள்ளி வந்து, "திட்ட மாட்டேன். ஒரு வார்த்த திட்ட மாட்டேன். வீட்டுக்கு வாங்கன்னு மட்டும் சொல்லுவேன்" என்றாள். எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். அம்மா சொன்னாள். கெட்ட எண்ணத்தில் அல்ல. இந்த மாதிரி விஷயத்துக்கு ஆண்பிள்ளை போனால்தான் சரிப்படும் என்று அவள் நம்பினாள். அப்பாவோ ஏஜென்ட் கதையில் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. கட்டியவளை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் ஒளிகிறான் என்றால் இன்னொரு குடும்பம் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அதற்கு வேறு விடை இல்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அத்தை வாசலில் நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தடவைதான் கட்டியிருந்த மாம்பழ நிறப் புடவை, தலையில் பூ. என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே ராயப்பேட்டைக்கு நடந்தாள். எதிர்ப்புறத்தில் நின்றோம்.

கடிகாரத்தில் நாலு அடித்துச் சற்று நேரத்தில் அவர் வந்தார். மெலிந்திருந்தார். கிளாஸை இடதுகையில் வாங்கிக்கொண்டு சுவரோரம் போய், காலை மடித்து அந்தக் கறையின் மேல் சரியாக ஊன்றினார். பத்திரிகையில் பார்த்த ஆள் அப்படியே இருந்தார், வண்ணத்தோடு.

அத்தை கூப்பிடவில்லை. கையை மட்டும் தூக்கினாள், தோளுக்கு மேல் போகாமல். அவர் முதலில் என் சீருடையைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். ஊன்றிய கால் இறங்கியது. கிளாஸைக் குனிந்து அடிமரத்தின் ஓரத்தில் வைத்தார். கவிழ்ந்துவிடாமல், சத்தம் வராமல், விரலை மெதுவாக எடுத்தார். ஓடப்போகிறவர் அப்படி வைக்க மாட்டார் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. எங்களைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார்.

"டேய்! நில்லுடா அங்கேயே!"

கடிகாரக் கடைப் பக்கமிருந்து அப்பா வந்துகொண்டிருந்தார். கூடவே ஜவுளிக் கடைக் கிடங்கில் வேலை பார்த்த இரண்டு பேர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"புடிங்கடா அவன!"

அத்தை "அண்ணே!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பஸ் வந்தது. நெரிசல் நேரம், படிக்கட்டில் ஆட்கள் தொங்கினார்கள், மெதுவாகத்தான் நகர்ந்தது. அது போனதும் சுவர் வெறுமையாக இருந்தது. அடிமரத்தின் மேல் கிளாஸில் பாதி டீ இருந்தது, ஆவி வந்துகொண்டிருந்தது.

கிடங்கு ஆட்கள் இரண்டு சந்து ஓடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்பா மூச்சு வாங்கினார். "பாத்தியா? தப்பு பண்ணலேன்னா எதுக்கு ஓடுறான்? ஏஜென்ட் கதையாம், ஏஜென்ட் கதை."

"நீ எதுக்குண்ணே வந்த?" என்றாள் அத்தை.

"ஒன்னைத் தனியா விட்டுட்டு வீட்டுல ஒக்காரச் சொல்றியா?"

"நீ எதுக்குண்ணே வந்த?"

டீக்கடைக்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். "அய்யோ, அவரு உங்களாண்டதானே வந்துகினு இருந்தாரு" என்றார், யாரையும் பார்க்காமல்.

அவர் பார்சல் ஆபீஸுக்குத் திரும்பவில்லை. பெட்டியைக்கூட எடுக்க வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, அத்தை டீக்கடையில் விட்டுவந்த விலாசத்தை வைத்து அவர்களே பெட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு சட்டைகள் துவைத்து மடித்து இருந்தன. அத்தை அந்தப் பைகளைத் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பிறகு சட்டைகளை மறுபடி துவைத்தாள். இன்னொரு குடும்பம் என்பதை அப்பா கடைசிவரை விடவில்லை. அந்தக் குடும்பத்தை யாரும் பார்த்ததில்லை.

மாடியில் மணியடித்தால் அத்தை மிதிப்பதை நிறுத்துவாள். மாமி படிக்கு வந்து எங்களைக் கூப்பிடவில்லை. சில மாதங்கள் கழித்து மாமியே கீழே வந்து, "ஏண்டிம்மா, மஸ்கட்ல லைன் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். அம்மா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த இதழ் பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் அன்று வந்தது. கூட்டத்தில் லஸ் பக்கம் போகவே முடியவில்லை. அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வாங்கினாள், நான் அதற்குள் தூக்கும் வயதைத் தாண்டியிருந்தேன். இந்த முறை வீட்டுக்கு வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. நடைபாதையிலேயே நின்று, பின்னட்டையைத் தாண்டி, போன மாத விடைகள் இருந்த பக்கத்தைப் பிரித்தாள். பொடி எழுத்து. மேளச் சத்தத்தில் அவள் உதடு அசைவதை மட்டும் பார்த்தேன். பிறகு என்னிடம் தந்தாள். நானும் படித்தேன்.

கடிகாரத்தின் பெரிய முள் இல்லை. பலகையில் புள்ளி இல்லை. கம்பியில் காக்கை இல்லை. சுவரொட்டியின் மூலை கிழிந்துள்ளது. சுவரோரம் நிற்பவர் இல்லை. சைக்கிளில் மணி இல்லை.